கிள்ளான் முதல் லங்காவி வரை: தைப்பூச வாரத்தில் கரையோரப் படகுப் பயணம்

38 அடி ஃபைபர் படகு. இரண்டு டீசல் எஞ்சின், நேர் ஷாஃப்ட் (எஞ்சினையும் புரொப்பலரையும் இணைக்கும் தண்டு). எட்டு நாட் (மணிக்கு எட்டு கடல் மைல்) வேகத்தில் இரண்டும் சேர்ந்து மணிக்கு 18 லிட்டர் குடிக்கும். மலேசியாவின் போர்ட் கிள்ளானில் புறப்பட்டு பங்கோர், பினாங்கு, லங்காவி என்று கரையை ஒட்டியே போகும் வழி இது.

பிப்ரவரியில் தீபகற்பத்தின் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றை நடுவிலுள்ள மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. விடியற்காலையில் திடீரென்று அடிக்கும் 'சுமத்ரா' சூறைக்காற்று ஏப்ரலிலிருந்துதான் தொல்லை. ஆகவே இந்தப் பயணத்தில் பழுதுகள் வானத்திலிருந்து வரவில்லை. தண்ணீரில் மிதந்தவற்றிலிருந்தும் டீசல் டாங்கியின் அடியில் கிடந்தவற்றிலிருந்தும் வந்தன. அதைவிடப் பெரிய தொல்லை நாள்காட்டி. பேராக்கில் ஞாயிறு, பினாங்கில் தைப்பூசம், சீனர் கடைகளுக்குப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள், கெடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்று எங்கே போய் நின்றாலும் உதிரிப்பாகக் கடை பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. படகில் கையோடு இருந்ததை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் சமாளிக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 8, 2025, சனி: போர்ட் கிள்ளான் – பங்கோர்

இந்த மாதத்தில் பொழுது விடிய ஏழரை ஆகும். கிள்ளான் வாய்க்கால்களில் மரக்கட்டைகள் பாதி மூழ்கி மிதக்கும் என்பதால் இருட்டில் கிளம்புவது சரியில்லை. ஏழே காலுக்கு, முன்னால் தண்ணீர் தெரிய ஆரம்பித்ததும் கயிறு அவிழ்த்தோம். கெத்தாம் தீவையும் அங்சா தீவையும் தாண்டி வடக்கே திரும்பினால் பங்கோருக்கு ஏறக்குறைய 80 கடல் மைல். காலை முழுக்க ஏற்றநீர் எதிரே வந்தது. பௌர்ணமிக்கு இன்னும் நான்கு நாள் இருந்ததால் அதில் வேகம் அதிகமில்லை.

மதியம் இரண்டு மணிக்குச் சற்று முன்பு, பெர்ணாம் ஆற்று முகத்துக்கு வெளியே, இடது எஞ்சின் சத்தம் கனத்தது. 1,800 சுற்றில் ஓடியது 1,300க்கு விழுந்தது. தரையில் ஒரு அதிர்வு. புரொப்பலரில் வலை சுற்றினால் இதுதான் அடையாளம்.

அந்த முதல் ஐந்து வினாடியில் செய்வதுதான் முக்கியம். இரண்டு எஞ்சினையும் உடனே நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். ரிவர்ஸ் போட்டால் கயிறு அவிழ்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது நடப்பது அபூர்வம். மறுபக்கம் தளர்ந்து கிடக்கும் வலை இன்னும் நான்கு சுற்று ஏறிக்கொள்ளும், பக்கத்துப் புரொப்பலருக்கும் தாவும். நியூட்ரலில் வைத்து இரண்டையும் அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

இந்தக் கரையில் மிதவலையின் இரு முனையிலும் மூங்கிலில் கொடி கட்டியிருப்பார்கள். ஒரு கொடியைக் கண்டால் இரண்டாவது எங்கே என்று தேடிய பிறகே திசை மாற்ற வேண்டும். வலை பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும், சில வலைகளில் ஒரு முனையில் கொடிக்குப் பதில் மீனவர் படகே நிற்கும். இங்கே சிக்கியது கொடியில்லாத அறுந்த துண்டு, அதன் தலைக்கயிறு எட்டு மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலீன்.

அதே நேரத்தில் தெற்கேயிருந்து ஓர் இழுவைப் படகு வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், முந்நூறு மீட்டருக்கு மேல் நீண்ட கம்பிவடத்தில், மணல் ஏற்றிய பார்ஜ் என்ற சரக்குப் படகு. இவை சட்டென்று திரும்பாது, நிற்கவும் முடியாது. இழுவைப் படகுக்கும் பார்ஜுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை வழி என்று நினைத்து நுழைந்த சிறு படகுகள் கவிழ்ந்திருக்கின்றன. வானொலியில் 16ஆம் அலைவரிசையில் 'பான்-பான்' என்ற அவசர அழைப்பு மூன்று முறை, படகின் பெயர், இருக்கும் இடம், இயக்க முடியாத நிலை, எத்தனை பேர் என்று சொன்னதும் பதில் வந்தது. உயிருக்கோ படகுக்கோ உடனடிப் பேராபத்து இருந்தால் மட்டுமே 'மேடே'. இது அந்த நிலை இல்லை. இழுவைப் படகின் தலைவர் மலாயில் "நான் இடப்பக்கம் விலகுகிறேன், நீங்கள் அங்கேயே இருங்கள்" என்றார். அரைக் கடல் மைல் தள்ளிப் போய்விட்டார்.

ஏற்றநீர் முடிந்து நீரோட்டம் நிற்கும் நேரம் அது. இறங்கிப் பார்ப்பதென்றால் அந்த அரை மணி நேரத்தில்தான். நீரோட்டம் ஒரு நாட் வேகத்துக்கு மேல் இருந்தால் புரொப்பலரைப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. இறங்குமுன் செய்தவை: நங்கூரம் போட்டது, பின்பக்கம் 20 மீட்டர் கயிற்றில் ஒரு மிதவை விட்டது, இறங்குபவரின் கழுத்தில் எஞ்சின் சாவிகளை மாட்டியது. சாவி தண்ணீருக்குள் இருந்தால் மேலே யாரும் எஞ்சினைத் தொட முடியாது. நீண்ட கைச்சட்டை, கையுறை, தலையில் ஒரு சைக்கிள் தொப்பி வேண்டும். அலையில் படகின் பின்பகுதி ஒரு சாண் ஏறி இறங்கும்போது மண்டையில் அடிக்கும். ஜெல்லி மீனும் உண்டு, ஷாஃப்டில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் கையைக் கிழிக்கும். அந்தக் கலங்கல் தண்ணீரில் நீட்டிய கையின் விரல் தெரியாது, எல்லாம் தடவித்தான்.

வலைக்கண்ணிகளை ரொட்டி வெட்டும் பல்கத்தி சுலபமாக அறுத்துவிட்டது. தலைக்கயிறு வேறு கதை. ஷாஃப்ட் சுழன்ற சூட்டில் பாலிப்ரொப்பிலீன் உருகி, ஷாஃப்டைச் சுற்றி ஒரு பச்சை வளையமாக இறுகியிருந்தது. இரண்டு விரல் அகலம், கல் மாதிரிக் கெட்டி. அதைக் கத்தி தொடாது. ஹேக்சா பிளேடைக் கைப்பிடியிலிருந்து கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டு, ஷாஃப்டின் நீளவாக்கில் இரண்டு இடத்தில் கீறினால் வளையம் இரண்டு பிளவாகக் கழன்று வரும். ஷாஃப்டைக் கீறாமல் இருக்க, கடைசி ஒரு மில்லிமீட்டரை விட்டுவிட்டுத் திருப்புளியால் நெம்ப வேண்டும்.

பாதி வேலையில் சபாக் பெர்ணாம் பக்கத்து மீனவர் ஒருவர் சிறு படகில் வந்து பக்கத்தில் நிறுத்தினார். அவர் முதலில் கேட்டது "எத்தனை பேர், யாருக்கும் அடி இல்லையே?" என்பதுதான். வலை அவருடையது அல்ல. ஆனாலும் அறுத்த துண்டுகளைக் கடலில் விடாமல் எல்லாவற்றையும் தன் படகில் வாங்கிப் போட்டுக்கொண்டார். ஈயக்குண்டுகள் உதவுமாம். டீசலுக்கென்று 50 வெள்ளி (ரிங்கிட்) நீட்டியபோது வாங்க மறுத்து, போகும்போது இரண்டு செனாங்கின் மீனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்.

மீண்டும் கிளப்பும்போது இடது எஞ்சினை 900 சுற்றில் பத்து நிமிடம் ஓட்டி, ஷாஃப்ட் உள்ளே நுழையும் இடத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடென்றால் அந்த எஞ்சினை அணைத்துவிட்டு மற்றதில் போக வேண்டியதுதான். அப்படி ஒற்றை எஞ்சினில் போகும்போது நின்ற எஞ்சினின் ஷாஃப்ட் தண்ணீர் வேகத்தில் தானாகச் சுழலும். சில கியர்பாக்ஸில் எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் சுற்றும். அந்த வகையென்றால் ஷாஃப்டைப் பைப் ரெஞ்சும் கயிறும் வைத்துக் கட்டிவிட வேண்டும். எந்த வகை என்பதைக் கிளம்புமுன்பே கையேட்டில் பார்த்து வைப்பது நல்லது.

இங்கே சூடில்லை. இறக்கநீரும் சேர்ந்து தள்ள, பொழுது சாயும் ஏழேகாலுக்குப் பங்கோர் எதிர்க்கரை மரீனாவில் (படகுத்துறையில்) கட்டியாயிற்று. செனாங்கின் புளிக்குழம்பானது.

பிப்ரவரி 9, ஞாயிறு: லூமுட், சித்தியவான்

எஞ்சின் அறையில் காலை முழுக்க. வலை சிக்கிய படகில் பார்க்க வேண்டியவை மூன்று. ஷாஃப்டையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கப்ளிங் போல்ட்டுகள்: நான்கில் ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது. எஞ்சின் தாங்கும் ரப்பர்கள்: வெடிப்பு இல்லை. ஸ்டஃபிங் பாக்ஸ் (ஷாஃப்ட் படகுக்குள் நுழையும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பு): ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு, நிற்கும்போது சொட்டே கூடாது. இங்கே நின்றபோதும் சொட்டியது. பெரிய நட்டை ஆறில் ஒரு பங்கு சுற்று இறுக்கி, எஞ்சினை ஓட்டி, மறுபடி தொட்டுப் பார்த்து, தேவையானால் இன்னொரு ஆறில் ஒரு பங்கு. ஒரேயடியாக இறுக்கினால் உள்ளே சுற்றியிருக்கும் பாக்கிங் கயிறு கருகி ஷாஃப்டில் வரி விழும்.

பழைய பாக்கிங்குக்கு மாற்று வாங்க லூமுட் போனால் கடைகள் பூட்டியிருந்தன. ஒரு பட்டறையின் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தமிழில், "ஞாயித்துக்கிழமை இங்க போல்ட்டுகூடக் கிடைக்காது தம்பி. எத்தனை மில்லி கயிறு வேணும்?" என்றார். வீட்டுக்குப் போய் எட்டு மில்லி பாக்கிங் ஒரு மீட்டர் கொண்டுவந்து கொடுத்தார். 25 வெள்ளி. வளையங்களை எப்படி வெட்டுவது என்று தானே சொல்லியும் கொடுத்தார்: ஷாஃப்ட் அளவுள்ள குழாயில் சுற்றி, சரிவாக வெட்டி, ஒவ்வொரு வளையத்தின் வாயும் அடுத்ததன் வாய்க்கு நேரே வராமல் 120 பாகை திருப்பி வைக்க வேண்டும்.

சித்தியவானில் ஃபூசோ சீனர்களின் விறகு அடுப்பு ரொட்டி, கொம்பியா. வெங்காயமும் எள்ளும் வைத்து, அடுப்புச் சுவரில் ஒட்டிச் சுடுகிறார்கள். ஒன்று ஒரு வெள்ளி. மறுநாளைக்கும் சேர்த்து இருபது வாங்கியது பிறகு நன்றாக உதவியது.

பிப்ரவரி 10, திங்கள்: பங்கோர் – ஜெரெஜாக் தீவு

மாத்தாங் சதுப்புக் காட்டை வலப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே 65 கடல் மைல். கடல் கண்ணாடி. வெயில் ஒன்பது மணிக்கே தோலைப் பொசுக்கியது.

கோலா குராவ் தூரத்தில் தெரியும் இடத்தில் வலது எஞ்சினின் புகைச் சத்தம் மாறியது. ஈரமான 'பொல பொல' சத்தம் போய் வறண்ட கரகரப்பு. பின்னால் எட்டிப் பார்த்தால் புகைக்குழாயில் தண்ணீர் வரவில்லை, வெள்ளை ஆவி. வெப்பமானி 82 பாகையிலேயே இருந்தது. அதை நம்பி இருந்துவிடக் கூடாது. எஞ்சினைக் குளிர்விக்க வரும் கடல்நீர் நின்றால் முதலில் சத்தமும் ஆவியும்தான் சொல்லும். எஞ்சினுக்குள் சுற்றும் நன்னீர் சூடாகி முள் ஏறுவதற்குச் சில நிமிடங்கள் ஆகும், எச்சரிக்கை மணி அடிப்பது அதற்கும் பிறகு. அதற்குள் புகைக்குழாயின் ரப்பர் உருகத் தொடங்கிவிடும். சத்தம் மாறிய உடனே வேகத்தைக் குறைத்து, நியூட்ரல், அணைப்பு. இடது எஞ்சினில் ஐந்து நாட் வேகத்தில் போய்க்கொண்டே வேலையைத் தொடங்கலாம்.

கடல்நீர் வால்வை மூடி, சல்லடைக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தால் உள்ளே சுத்தம். வால்வை மெதுவாகத் திறந்தால் கிண்ணத்தில் தண்ணீர் பொங்கி வர வேண்டும். சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அடைப்பு படகுக்கு வெளியே இருக்கிறது என்று பொருள். படகை நிறுத்தி, இடது எஞ்சினில் கொஞ்சம் ரிவர்ஸ் கொடுத்ததும் கடைத்தெருவில் தரும் சிவப்புப் பிளாஸ்டிக் பை ஒன்று மிதந்து வந்தது. மறுபடி வால்வைத் திறந்தபோது கிண்ணம் பொங்கியது.

பலர் இத்தோடு எஞ்சினைக் கிளப்பிவிடுவார்கள். கூடாது. கடல்நீர் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம், இம்பெல்லர், ரப்பரால் ஆனது. தண்ணீர்தான் அதற்கு மசகு. ஒரு நிமிடம் வறண்டு ஓடினாலும் இதழ்கள் கருகி ஒடியலாம். பம்பின் மூடியில் ஆறு திருகுகள், கையை வளைத்து முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துத்தான் கடைசி இரண்டைக் கழற்ற முடிந்தது. பழையதை இழுக்க இம்பெல்லர் இழுப்பான் இருந்தால் நல்லது. இரண்டு திருப்புளி வைத்து நெம்பினால் பம்பின் வாய் கீறி, பிறகு காலத்துக்கும் ஒழுகும்.

12 இதழில் மூன்று இல்லை. அந்த மூன்றையும் கண்டுபிடிக்காமல் புதியதைப் போடுவதில் பயனில்லை, ஏனென்றால் அவை தண்ணீரோடு போய் அடுத்த குறுகலான இடத்தில் அடைத்துக்கொள்ளும். பம்பிலிருந்து போகும் குழாயைக் கழற்றியதும் இரண்டு கையில் விழுந்தன. மூன்றாவது, நன்னீரின் சூட்டைக் கடல்நீர் வாங்கிக்கொள்ளும் வெப்பமாற்றியின் மூடியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. பென்சில் பருமனுள்ள செம்புக் குழல்களின் வாய்களுக்குக் குறுக்கே, சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு கறுப்புத் துண்டு செங்குத்தாக நின்றது. அதைச் சுற்றி முந்தைய ஆண்டுகளின் சுண்ணாம்புச் செதில்கள். துண்டும் செதில்களும் சேர்ந்து ஏழு குழல்களை மறைத்திருந்தன.

புதிய இம்பெல்லருக்குக் கிளிசரினோ பாத்திரம் கழுவும் சோப்போ தடவ வேண்டும். கிரீஸ் ரப்பரைத் தின்றுவிடும். இதழ்கள் சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்குமாறு, ஒரு கேபிள் டை போட்டு மடக்கி உள்ளே தள்ளிப் பிறகு டையை உருவிவிட வேண்டும். திசை மாறிப் போனால் முதல் சுற்றில் தானே சரியாகிவிடும், அதற்காகப் பயப்பட வேண்டாம். இன்னொன்று: எஞ்சின் உடனே பிடிக்காமல் பலமுறை ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டி வந்தால் கடல்நீர் வால்வை மூடி வைத்துச் சுற்ற வேண்டும். புகை வராத நேரத்தில் பம்ப் தள்ளும் தண்ணீர் மஃப்ளரில் நிறைந்து சிலிண்டருக்குள் திரும்பும். அப்படி நடந்தால் எஞ்சினையே இறக்கிப் பிரிக்க வேண்டியிருக்கும்.

எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம். எஞ்சின் அறையில் 48 பாகை. இரண்டு பேர் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாறி மாறி இறங்கியதால்தான் தாங்கியது. கொம்பியாவும் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் அன்றைய மதியச் சாப்பாடு.

மாலை ஐந்தரைக்கு இரண்டாம் பாலத்தின் கீழே நுழைந்து ஜெரெஜாக் தீவுக்கும் பினாங்குக்கும் நடுவே நங்கூரம். அடியில் நல்ல சேறு, பிடிப்பு உறுதி. ஆழம் 7 மீட்டர் என்று கருவி காட்டினாலும் சங்கிலிக் கணக்கை உயர்நீரை வைத்துப் போட வேண்டும். 7, அதோடு பௌர்ணமி ஏற்றம் 2.5, படகின் முன்பக்க உயரம் 1.5, ஆக 11. ஐந்து மடங்கு விட்டால் 55 மீட்டர். எதிரே தெரியும் இந்தத் தீவில்தான் ஒரு காலத்தில் தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த கூலித் தொழிலாளர்களைத் தொற்றுத்தடுப்புக்காக நிறுத்தி வைத்தார்கள். தொழுநோயாளர் இல்லமும் இங்கே இருந்தது. 1969 முதல் 1993 வரை சிறைச்சாலை. கட்டடங்கள் இன்று மரங்களுக்குள்.

பிப்ரவரி 11, செவ்வாய்: பினாங்கு, தைப்பூசம்

வாங்க வேண்டியது ஒரு மாற்று இம்பெல்லர். கிடைக்க வாய்ப்பே இல்லாத நாள். படகைப் பூட்டிவிட்டு முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போனோம்.

சாலைகள் மூடியிருந்ததால் வாடகைக் கார் ஒன்றரை கிலோமீட்டருக்கு முன்பே இறக்கிவிட்டது. வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல். "அண்ணே, மோர் எடுத்துக்குங்க, வெயில் ஏறுது" என்று கையைப் பிடித்து நிறுத்திக் கொடுக்கிறார்கள். புளிச்சாதம், கடலைச் சுண்டல், ரோஸ் தண்ணீர், எதற்கும் காசில்லை. சீனக் குடும்பங்கள் வைத்த பந்தல்களும் இருந்தன. காவடிகளுக்கு நடுவே ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளில் செருப்பில்லாமல் ஏறும்போது, நிழல் விழாத படிகள் மதியத்தில் சுடும். மேலே போனால் ஊருக்கு அப்பால் கடல் தெரிகிறது.

பௌர்ணமி ஓதம் வேலையைக் காட்டியது படகுத்துறையில். காலையில் உயர்நீரில் கட்டிய சிறு படகுகள் மாலையில் இரண்டரை மீட்டர் கீழே போயிருந்தன. குட்டைக் கயிற்றில் கட்டியிருந்த யாரோ ஒருவரின் ரப்பர் படகு மூக்கு மேலாகத் தொங்கி, மோட்டார் தண்ணீருக்குள் போயிருந்தது. மீன்பிடித்துக்கொண்டிருந்த இரண்டு மலாய்க்காரர்கள் அதை இறக்கிவைத்து மோட்டாரையும் கழற்றிக் கரையேற்றியிருந்தார்கள். கடல்நீர் புகுந்த வெளிமோட்டாரை அப்படியே உலர விடக் கூடாது. உடனே நன்னீரில் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, கயிற்றை இழுத்துத் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டுச் சுற்ற வேண்டும், அன்றே ஓட்டிச் சூடாக்கவும் வேண்டும். ஒரு நாள் விட்டால் பேரிங் துரு பிடித்துவிடும். இந்தத் துறையில் கட்டுகயிறு குறைந்தது ஆறு மீட்டர் இருக்கட்டும்.

பிப்ரவரி 12, புதன்: ஜார்ஜ்டவுன்

சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள், சாப் கோ மே. வெல்ட் கீ பக்கத்துக் கடைகளில் பாதி திறக்கவில்லை. திறந்திருந்த ஒன்றில் தவுக்கே (கடை முதலாளி) பழைய இம்பெல்லரை வாங்கி, கண்ணாடி போட்டு, உயரம், விட்டம், நடுத்துளையின் பல் எண்ணிக்கை மூன்றையும் அளந்த பிறகே பெட்டியைத் திறந்தார். பார்வைக்கு ஒன்று போல் இருப்பவை ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் வேறுபடும். உயரம் குறைந்தால் தண்ணீர் சரியாக ஏறாது. பழையதைக் கையில் கொண்டு போகாமல் எஞ்சின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது வீண். ஒன்று 190 வெள்ளி, இரண்டு வாங்கியது. மூடியின் காகித கேஸ்கெட் கேட்காமலே இரண்டு போட்டுக் கொடுத்தார்.

மதியம் நாசி கண்டார். கோழிக்குழம்பு, வெண்டைக்காய், மீன்முட்டை சேர்த்து 17 வெள்ளி. மாலையில் கடற்கரைத் திடலில் இளம்பெண்கள் ஆரஞ்சுப் பழங்களைக் கடலில் வீசினார்கள், நல்ல மாப்பிள்ளை கிடைக்க வேண்டி. இரவு வெள்ளி ரதம் மலையடியிலிருந்து ஊருக்குள் திரும்பியது. ஒரே நிலவுக்கு இரண்டு விழா.

பிப்ரவரி 13, வியாழன்: பினாங்கு – லங்காவி

பௌர்ணமி ஏற்றம் சதுப்புக் காடுகளுக்குள் ஏறி, மாதக்கணக்கில் கிடந்த கட்டைகளை எல்லாம் வெளியே கொண்டுவந்துவிடும். மூடா ஆற்று முகத்துக்கு வெளியே நுரையும் குப்பையும் சேர்ந்த நீண்ட கோடு, அதற்குள் தென்னைமரம் ஒன்று முழுதாக. இந்தக் கோட்டைக் கடப்பதென்றால் வேகத்தை ஆறு நாட் அளவுக்குக் குறைத்து, ஒருவர் முன்னால் நின்று கைகாட்ட, செங்குத்தாகக் கடக்க வேண்டும். ஒட்டியபடியே போனால் அடி விழும்.

திறந்த கடலுக்கு வந்ததும் காற்று. வடகிழக்கு, 16 முதல் 18 நாட். இந்தப் பகுதியில் மலைத்தொடர் தாழ்வதால் பருவக்காற்று உள்ளே நுழைகிறது, காலையில்தான் கடுமை. அலை ஒரு மீட்டர்தான், ஆனால் நெருக்கமாக வலப்பக்க முன்மூலையில் அடித்தது. வலப்பக்கம் 1,217 மீட்டர் ஜெராய் மலை. வங்கக் கடலைக் கடந்து வந்த மரக்கலங்களுக்கு முதல் அடையாளம் இதுதான். இதன் அடிவாரம்தான் கடாரம். ராஜேந்திர சோழனின் படை வந்தது 1025இல், சரியாக ஆயிரம் ஆண்டு. அவர்களும் இதே மலையைப் பார்த்துத்தான் திசை பிடித்திருப்பார்கள் என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

பதினொன்றே முக்காலுக்கு இடது எஞ்சின் 1,800இலிருந்து 1,500க்கு இறங்கியது. வேகத்தைக் குறைத்தால் சீராகிறது, கூட்டினால் திணறுகிறது. புரொப்பலரில் சிக்கினால் அதிர்வு இருக்கும், இங்கே இல்லை. டீசல் போதவில்லை. வடிகட்டியின் மேலிருந்த, உறிஞ்சும் இழுப்பை அளக்கும் வெற்றிடமானி பாதரச அளவில் 11 அங்குலம் காட்டியது, வழக்கமாக மூன்றுக்குள் இருக்கும். அலை ஆட்டும் நாளில்தான் இது வரும். டாங்கியின் அடியில் அமைதியாகக் கிடந்த கசடு அன்றைக்குத்தான் கலங்கும்.

மலேசியாவில் 2019 முதல் டீசலில் பத்து சதவீதம் பனையெண்ணெய்ச் சேர்மானம், பி10. அது எஞ்சினுக்குத் தீங்கில்லை. ஆனால் ஈரத்தை இழுக்கும், பழைய டாங்கிச் சுவரில் ஒட்டியிருந்த அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். அடியில் தண்ணீர் தேங்கினால் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புக் கூழாகிறது. லாரிகளில் வாரம் ஒரு டாங்கி காலியாவதால் இது தெரிவதில்லை. மாதக்கணக்கில் நிற்கும் படகில்தான் தெரியும்.

இந்தப் படகில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் இரண்டு வடிகட்டிகள் பக்கத்துப் பக்கத்தில், நடுவே மாற்று வால்வு. நெம்புகோலைத் திருப்பியதும் எஞ்சின் நிற்காமலே இரண்டாவதுக்கு மாறியது. நாற்பது நிமிடத்தில் அதுவும் அடைத்தது. பாயார் தீவு அருகே வந்திருந்தது நல்லதாயிற்று. அது கடல் பூங்கா, பவளத்தின் மேல் நங்கூரம் போடக் கூடாது. வானொலியில் பழுதைச் சொன்னதும் பூங்காக் காவலர் ஒரு மிதவையைக் காட்டி அதில் கட்டச் சொன்னார். காற்று மறைவுப் பக்கம், தண்ணீர் தெளிவு, கரையோரம் குட்டிச் சுறாக்கள்.

வடிகட்டி மாற்றுவதில் வரிசை முக்கியம். டாங்கி வால்வை மூடு. கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து கண்ணாடிப் புட்டியில் வடி. புட்டியில் கீழே தண்ணீர், அதன் மேல் கறுப்புச் சளி, மேலே டீசல். பழைய இழையை எடுத்துப் புதியதைப் போடு. முதல் வடிகட்டிக்கு 10 மைக்ரான் போதும். 2 மைக்ரான் போட்டால் இன்னும் சுத்தமாக இருக்கும் என்று நினைத்து வாங்குகிறார்கள், அது இப்படிப்பட்ட நாளில் பத்து நிமிடம்கூடத் தாங்காது. நுண்ணிய வேலைக்கு எஞ்சினில் உள்ள இரண்டாம் வடிகட்டி இருக்கிறது. ஓ-வளையத்துக்கு டீசல் தடவு. கிண்ணத்தைச் சுத்தமான டீசலால் விளிம்புவரை நிரப்பி மூடு. பிறகு எஞ்சின் வடிகட்டியின் காற்றுத் திருகை அரைச் சுற்று தளர்த்தி, கைப்பம்பை அழுத்து. நுரை வரும், பிறகு குமிழி, பிறகு வெறும் டீசல். அப்போது இறுக்கு. பழைய வகை எஞ்சின் அதற்கும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டர் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் காற்றை விடலாம். காமன்-ரெயில் எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் பீறிடும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே ஏறும்.

இழை ஒன்று 48 வெள்ளி. படகில் ஆறு இருந்தன. வடகிழக்குக் காற்று மூன்று மணிக்குத் தணிந்தபின் கிளம்பி, லங்காவியின் குவா வந்து சேர்வதற்குள் நான்கு தீர்ந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி: லங்காவி

லங்காவி இருக்கும் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பட்டறைக்காரர் தொலைபேசியில் மிகப் பணிவாக, ஞாயிறு காலை ஒன்பதுக்கு வருவதாகச் சொன்னார். டாங்கியைத் திறப்பதற்கு அவர் தேவையில்லை.

350 லிட்டர் டாங்கியின் மேல்மூடியில் பத்துப் போல்ட். கைப்பம்பின் குழாயை ஒரு மூங்கில் குச்சியில் கட்டி, டாங்கியின் மிகத் தாழ்ந்த பின்மூலையில் வைத்து உறிஞ்சினால் முதலில் வந்தது காபி நிறத்தில் 14 லிட்டர். ஒரு மணி நேரம் வைத்தபோது அதில் நாலு லிட்டர் தண்ணீர் அடியில் பிரிந்தது. நிரப்பும் வாயின் மூடியில் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. மழைநீரும் தளம் கழுவும் தண்ணீரும் இறங்கிய வழி அதுதான். அந்த வளையத்தின் விலை மூன்றே ரிங்கிட். அடுத்து, மீதமுள்ள டீசலை 12 வோல்ட் பம்பில் 30 மைக்ரான் வடிகட்டி வழியாக ஆறு மணி நேரம் சுற்றவிட்டு, நுண்ணுயிர்க்கொல்லியைப் புட்டியில் எழுதிய அளவில் கலந்தோம். அளவு கூட்டினால் செத்த கூழ் எல்லாம் ஒரே நாளில் உதிர்ந்து மறுபடி அடைக்கும். அழுக்கு டீசலை மரீனாவின் கழிவெண்ணெய்த் தொட்டியில்தான் கொட்ட வேண்டும். சாப்பாட்டுக்கு எழுந்து போக நேரமில்லை, பக்கத்துப் படகின் ஆஸ்திரேலியத் தம்பதி ஒரு பானை மீன் சூப்பைத் தளத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிறுக்குப் பட்டறைக்காரருக்கு மீதி இருப்பது இடது ஷாஃப்டின் வெளிப் பேரிங்கைப் பார்ப்பதும், வலது வெப்பமாற்றியை அமிலத்தில் கழுவுவதும். 10 மைக்ரான் இழை பன்னிரண்டு சொல்லி வைத்தாயிற்று.